மாரிக்கு வரும் அயலவர்

யாத்திரைக் கட்டுரை என்றால் காசியையோ கதிர்காமத்தையோ கடல் கடந்த நாடொன்றையோ பற்றி எழுதுவதே மரபு. வாசகரும் அதனையே எதிர்பார்ப்பர். இங்கே சொல்லப்படும் யாத்திரைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. பஸ் கட்டணமும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியிலே, வழுக்கையாற்றை அடுத்துள்ள கிராமமொன்றில் தொடங்கி, ஒழுங்கை, குளக்கட்டு, வயல் வரம்பு என நடந்து, அராலியிலே கடனீரேரிக் கரையில் முடியும் சிறு வழி அது. நேரே நடப்பவருக்கு ஒரு மணித்தியாலம் போதும். பறவை பார்த்து நடப்பவருக்கு மூன்று மணித்தியாலமும் போதாது. மார்கழி தொடங்கித் தை முடியும்வரை விடுமுறைக் காலைகளில் நான் இவ்வழியே நடப்பதுண்டு. சில நாள்களில் கல்லூரி மாணவர் இருவர் மூவர் உடன் வருவர். கால்கள் ஒரு வழியே செல்ல, எண்ணங்கள் பல வழியே செல்வது இந்நடையின் இயல்பு. அவ்வெண்ணங்களிற் சிலவற்றையே ஈண்டுத் தருகின்றேன்.

பனி உறையும் நாட்டவர் நமது குளிரைக் குளிரென்று ஒப்பமாட்டார். எனினும் குடாநாட்டு மக்களுக்கு மார்கழி வைகறை குளிர்தான். முதியவர் தலையிலே துவாய் கட்டிக்கொள்வர். கிணற்றிலிருந்து மெல்லிய ஆவி எழும். பனையோலை நுனிகளில் நீர்த்துளி திரண்டு நிற்கும். திருவெம்பாவைக் காலமாயின், சங்கும் சேமக்கலமும் ஒலிக்க அடியார் வீதியிற் பாடிச் சென்ற சிறிது நேரத்திலே கிழக்கு வெளுக்கத் தொடங்கும். அவ்வேளையிலேயே நடையைத் தொடங்கிவிட வேண்டும். ஏழரை மணிக்குப் பின் மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கையைத் தமதாக்கிக்கொள்ளும். பறவைகளும் தத்தம் தொழிலைப் பார்க்கப் போய்விடும்.

முதலில் நம்மை எதிர்கொள்பவை ஊர்ப் பறவைகளே. புலுனிகள் ஆறேழு கூடி, வேலியடியிற் சருகைக் கிளறியவாறு, எல்லைத் தகராறு தீர்ப்பவர் போலச் சத்தமிடும். பூவரசின் அடர்ந்த கிளைக்குள் இருந்து செண்பகத்தின் ஆழ்ந்த குரல் வரும். மின்கம்பியில் இரட்டைவாற்குருவி வாலைப் பிரித்து அமர்ந்திருக்கும். முருங்கைப் பூவிலே தேன்சிட்டு ஒரு கணம் நிற்கும், மறுகணம் இராது. இவை ஆண்டு முழுவதும் நம்மோடு வாழ்பவை. ஆதலினாலேயே நாம் இவற்றைப் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பழகியது கருத்துக்கு மறைந்துபோதல் உலக வழக்கம். வந்தவரைத் தேடிச் செல்லும் கண் இருந்தவரையும் கண்டுகொள்கின்றது. இதுவே மாரிகால நடையின் முதற் பயன் எனலாம்.

ஒழுங்கை வளையும் இடத்தில் ஒரு கிளுவை வேலி உண்டு. அதற்கு மேலாக நீண்டிருக்கும் பட்டுப்போன தடியொன்றில், ஐப்பசி முதற் சித்திரை வரை, மைனாவினும் சிறிய பழுப்பு நிறப் பறவையொன்று காவலிருக்கும். முகமூடி கட்டிய திருடனைப் போலக் கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை; முனை வளைந்த அலகு. நம்மைக் கண்டால் கரகரத்த குரலில் ஏசத் தொடங்கும். இதுவே பழுப்புக் கீச்சான். இதன் நிறை முப்பது, முப்பத்தைந்து கிராம். சைபீரியா, மங்கோலியா, வட சீனம் ஆகிய நிலங்களிலே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் தொடங்கும்போது தெற்கே புறப்படும் இனம் இது. பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து, கடைசியில் எங்கள் ஊர் வேலித் தடியொன்றில் அமர்கின்றது.

வந்ததிலும் பெரிய வியப்பு, வந்த இடத்துக்கே திரும்ப வருவது. காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், கீச்சான் முதலிய பல பறவைகள் முந்திய மாரியைக் கழித்த அதே இடத்தை மறு ஆண்டும் தேடி வருவதைக் கண்டிருக்கின்றனர். பம்பாய் நகரத்தின் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிறு புற்றரை. அங்கே வளையமிடப்பட்ட சாம்பல் வாலாட்டி ஒன்று ஆண்டுதோறும் அதே புற்றரைக்கு வந்து சேர்ந்ததென்பது பறவை நூலோர் அறிந்த செய்தி. எங்கள் ஒழுங்கையிலும் ஆறு ஆண்டாக அதே தடி, அதே காவல், அதே ஏச்சு!

ஒருநாட் காலை இவ்வேலியடியிலே தொலைநோக்கியும் கையுமாக நின்ற என்னைக் கண்டு, தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன மாஸ்ரர், காணி பார்க்கிறியளோ?”

“இல்லை அப்பு, குருவி பார்க்கிறன்.”

அவர் சிரிக்கவில்லை. தடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “உது எங்கடை குருவி இல்லை, மாஸ்ரர். மாரிக்கு வாறது. நெல்லு விதைக்கேக்கை வரும், வருசம் பிறக்கப் போயிடும்” என்று சொல்லிவிட்டு மிதித்துச் சென்றார்.

நூல்களிலே ஒக்டோபர், ஏப்ரல் என்று அச்சிட்டிருப்பதை அவர் விதைப்பு, வருடப்பிறப்பு என்று அளந்து வைத்திருந்தார். அளவு இரண்டும் ஒன்றே. என்னுடன் வரும் மாணவரோ பெங்குவினின் படத்தைக் காட்டினால் கணத்திற் பெயர் சொல்வர். தம் வேலியில் இருக்கும் கீச்சானைக் காட்டினால் “குருவி, சேர்” என்பர். இது அவர்களின் குறையன்று. தென்முனைப் பறவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றது. வேலிப் பறவை முதியவரின் நினைவில் இருக்கின்றது. அந்நினைவு இன்னும் எழுதப்படவில்லை என்பதே குறை.

முதியவரின் கேள்வியிலும் நியாயம் உண்டு. எங்கள் ஒழுங்கைகளில் தொலைநோக்கி இல்லாமலே காணி பார்ப்போர் பலர். இரு மருங்கிலும் பூட்டிய வீடுகள் பல. உரியவர் கனடாவிலோ பிரான்சிலோ சுவிற்சர்லாந்திலோ இருப்பர். வளவு நிறைய மாவும் பலாவும் வேம்பும் தம் விருப்பத்துக்கு வளர்ந்து, முற்றத்திலே பல ஆண்டுச் சருகு முழங்கால் அளவு கிடக்கும். அத்தகைய வளவொன்றின் உள்ளிருந்து, விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும், இரண்டு சுருதியிலே தெளிந்த சீழ்க்கையொலி ஒன்று கேட்கும். ஏறத்தாழக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கேட்பதால், நம் முன்னோர் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டனர். மணிக்கூடு ஊருக்கு வந்த பின்னரே இப்பெயர் பிறந்திருக்க வேண்டும்.

ஆறுமணிக்குருவியைக் கேட்பது எளிது, காண்பது அரிது. முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடி சிவப்பு, சிறகிலே நீலம், கண்ணின் குறுக்கே கறுப்பு. வடநாட்டார் இதனை ஒன்பது நிறம் என்ற பொருள்பட அழைப்பர். இத்தனை நிறங்களையும் உடுத்திக்கொண்டு, குட்டை வாலுடன், சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு தேடும். இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிப்பது. இரவிலே பறந்து வருவது. வந்து சேரும் நாளில் களைப்பு மிகுதியால் வழி தடுமாறி வீடுகளுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு விழுந்ததைக் கண்டால் பூனைக்கு எட்டாத இடத்தில், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியொன்றில் அமைதியாக இருக்கவிட்டு, அந்தியில் மரச் செறிவுள்ள வளவொன்றில் விட்டால் போதும்.

ரொறன்ரோவில் இருப்பவரின் வளவிலே இமயத்தடிக் குருவி குடியிருக்கின்றது. குத்தகை கேட்பாரில்லை. மார்கழி விடுமுறைக்கு உரியவர் குடும்பத்தோடு வருகையில் சருகைக் கூட்டி எரித்து, முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, வீட்டுக்கு நிறம் பூசுவர். வீடு பொலிவு பெறும். நெடுங்காலம் கழித்துத் தம் வீட்டைக் காண்பவர் அதனைத் துப்புரவாக்க விரும்புவதிற் பிழை யாது? ஆயினும், வளவின் பின்கோடியில் ஒரு மூலையையேனும் சருகோடு விட்டுவைப்பாராயின், தாம் இல்லாத காலத்திற் குடியிருந்தவருக்கு நன்றி சொன்னதாக அமையும்.

ஒழுங்கை முடிந்து குளக்கட்டில் ஏறினால் வானம் விரிகின்றது. நீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் தகைவிலான்கள் பறந்து பூச்சி பிடிக்கும். தகைவு என்பது தங்குதல், களைப்பாறுதல். ஓயாது பறப்பதைக் கண்டு இட்ட பெயர் போலும். இக்குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று ஐரோப்பியர் நெடுங்காலம் மயங்கினர். ஒலாவுஸ் மக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டுச் சமயப் பெரியார் 1555ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, அவை குளத்து நீரின் அடியிற் கூட்டமாக உறங்குகின்றன என்று எழுதி, மீனவர் வலையிற் குருவிகள் அகப்படுவதாகப் படமும் வரைவித்தார். 1822ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் குளூற்ஸ் என்னும் ஊரருகே சுடப்பட்ட கொக்கினப் பறவையொன்றின் கழுத்தில் ஆபிரிக்க ஈட்டியொன்று தைத்திருக்கக் கண்டனர். ஈட்டியோடு பறந்து வந்த அப்பறவை, தான் மாரியைக் கழித்த கண்டத்தின் முத்திரையையும் கொண்டு வந்திருந்தது. இன்றும் அது ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்திலே பாதுகாக்கப்படுகின்றது.

நம் புலவர்கள் இதனைப் பல நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்குத் தூது விடும் புறநானூற்றுப் பாடலிலே, அன்னம் தெற்கே குமரித் துறையில் இரை தேடி வடமலை நோக்கிப் போவதாகச் சொல்கின்றார். சத்திமுற்றப் புலவரோ மதுரையிற் குளிரில் நடுங்கிய இரவிலே, தென்றிசைக் குமரியாடி வடதிசைக்கு மீளும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். அந்நாரையின் அலகுக்கு அவர் கண்ட உவமை பிளந்த பனங்கிழங்கு. தை மாதத்தில் எங்கள் வளவுகளிலே கிழங்கு கிண்டி, அவித்து, நடுவே கிழிக்கும்போதெல்லாம் புலவரின் கண் எத்தனை கூர்மையானது என்று வியப்பேன். வறுமையிலும் அவர் பறவையைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்து எங்கே போகின்றதென்பதையும் அறிந்திருந்தார்.

பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையத்தை முறையாக இட்டு அதன் வழியை ஆராயும் வழக்கத்தை 1899ஆம் ஆண்டிலே தொடக்கியவர், டென்மார்க்கின் வீபோர்க் என்னும் ஊரைச் சேர்ந்த மோர்ட்டென்சன். அவர் ஒரு பாடசாலை ஆசிரியர்! இதனை மாணவருக்குச் சொல்லும்போது என் குரலிற் சிறிது பெருமிதம் கலப்பதுண்டு. இன்று வளையத்தோடு செய்மதிக் கருவியும் சேர்ந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் பிடித்துச் சிறு கருவி பூட்டி விட்ட கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் வடமுனைப் பகுதியான யமால் தீபகற்பம்வரை சென்று, 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மன்னாருக்கே திரும்பி வந்தது. போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். மன்னாரையும் வடமுனையையும் ஒரே பறவையின் சிறகு இணைக்கின்றது என்பதைப் புவியியற் பாடத்தில் இதைவிட நன்றாக விளக்க இயலுமா?

வழி அறிவது எவ்வாறு? சூரியனைக் கொண்டும், பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டும், விண்மீன்களைக் கொண்டும் அறிகின்றன என்பர். 1960களிலே அமெரிக்க ஆய்வாளர் எம்லென் என்பார், இரவிற் பறக்கும் சிறு பறவைகளை உட்கூரையில் விண்மீன் காட்டும் மண்டபத்துள் வைத்துப் பார்த்தார். இளம் பறவைகள், வானம் சுழலும்போது எப்புள்ளி சுழலாமல் நிற்கின்றதோ அதனைக் கண்டு வடக்கு இதுவென்று கற்றுக்கொள்கின்றன என அவர் காட்டினார். பாய்மரக் காலத்தில் எங்கள் வடகரைக் கடலோடிகளும் அதே வடமீனைத்தான் பார்த்து ஓடினர். வல்வெட்டித்துறைத் தண்டையலும் சைபீரியக் குருவியும் ஒரே பாடத்தை ஒரே வானத்திற் படித்தவர்கள் என எண்ணும்போது மனம் மகிழ்கின்றது.

குளத்தைச் சுற்றி வரும்போது மகிழ்ச்சி சற்றுக் குறைகின்றது. ஒரு பக்கத்திற் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நிரவப்பட்டிருக்கின்றது. குளம் சுருங்கினாற் பறவைக்குத்தானே நட்டம் என எண்ணுவோர் இருக்கின்றனர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி அராலியிற் கடனீரேரியைச் சேரும் மாரிகால ஆறே. மழைநீர் குளங்களிலும் வயல்களிலும் தேங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகளின் நன்னீர் அதுவே. ஆகவே, உள்ளான் நிற்கும் சேற்றுக்கும் நாம் குடிக்கும் தண்ணீருக்கும் ஒரே மூலம். குளம் வற்றாமல் நிற்கும் ஊரிற் பறவையும் இறங்கும், கிணறும் உவர்க்காது. பறவை நமக்காக எழுதப்பட்ட அறிக்கை போன்றது. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம்.

குளத்தைக் கடந்தால் வயல். நெற்கதிர் முற்றித் தலை சாய்க்கும் காலம். வரம்பிலே மஞ்சள் வாலாட்டி வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். தண்ணீர் தேங்கிய பள்ளத்திலே உள்ளான்கள் பத்திருபது, நம் காலடி கேட்டதும் கீச்சென்று எழுந்து, ஒரே உடலாகத் திரும்பி, அப்பால் இறங்கும். வெயில் சிறிது ஏறியதும் பூனைப்பருந்து நெற்பயிரின் மேல் தாழ்ந்து மிதந்து வரும். நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் இந்நிலத்துக்கு உரியவை, மற்றவை வந்தேறிகள். இரு சாராரும் ஒரே சேற்றில் மேய்கின்றனர். உரியவர் இவர், வந்தவர் அவர் என்ற வழக்கு அங்கே எழுந்ததை நான் இதுவரை கண்டதில்லை.

இவ்வரம்பில் நிற்கும்போதெல்லாம் ஒரு காலக்கணக்கு என் நினைவுக்கு வரும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, ஐப்பசி மழையிலே, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அப்பொழுது நான் பாடசாலைச் சிறுவன். பல இலட்சம் மக்கள் சைக்கிளிலும் தலையிலும் இயன்றதைச் சுமந்து சென்றனர். அடுத்த ஆண்டு சித்திரையிலேதான் எங்கள் ஊருக்குத் திரும்பினோம். ஐப்பசிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட அம்மாதங்கள் எவை? கீச்சானும் ஆறுமணிக்குருவியும் உள்ளானும் இங்கே தங்கும் மாதங்கள். அவை வந்த வேளையில் நாம் போனோம். நாம் வந்த வேளையில் அவை போயின. விளக்கெரியாத ஊரிலே, ஆளரவமற்ற ஒழுங்கையிலே, அந்த மாரியைப் பறவைகள் தனித்துக் கழித்தன. அந்த ஓராண்டு அவையும் நாமும் ஒருவரை ஒருவர் காணவில்லை.

வலசைக்கும் இடப்பெயர்வுக்கும் பெயரளவில் ஒப்புமை உண்டு. பொருளளவில் வேறுபாடு மிகப் பெரிது. பறவை தன் காலமறிந்து, உடலிற் கொழுப்புச் சேர்த்து, திசையறிந்து புறப்படுகின்றது. மீளும் நாளும் அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. நாம் புறப்பட்டபோது இவற்றுள் ஒன்றும் நம் கையில் இருக்கவில்லை. ஆயினும் திரும்புதல் என்னும் செயலில் மட்டும் நாமும் அவையும் ஒரே நிலையில் நிற்கின்றோம். திரும்புவதற்குச் சிறகோ வாகனமோ போதாது. திரும்பும் இடம் அங்கே இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டில் நாங்கள் வந்தபோது கூரை ஓடுகள் இல்லை, கதவுகள் இல்லை. கிணறு இருந்தது, வேலி இருந்தது, வேம்பு இருந்தது. என் தகப்பனார் முதலிற் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் இருக்கின்றது என்றார். அதன் பின்னரே மற்றவற்றைப் பற்றிப் பேசினார். வலிகாமம் வடக்கிலே 1990இல் எழுந்து சென்றோர் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து தம் காணியிற் கால் வைத்தபோது, வீட்டைக் காணாமல், கிணற்றையோ பழைய மரமொன்றையோ கண்டே இது எங்கள் வளவு என்று அறிந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். அடையாளமே இல்லாமற்போன இடத்துக்கு மனிதரும் திரும்ப இயலாது. பறவையும் திரும்ப இயலாது.

அராலியை அடையும்போது வெயில் ஏறியிருக்கும். வழுக்கையாறு கடனீரேரியிற் சேரும் இடத்திலே உவர்நீர்த் தடுப்பணை, கடல்நீர் வயல்களுள் ஏறாமற் காத்து நிற்கின்றது. அதற்கப்பால் ஆழமற்ற உவர்நீர் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றது. ஊசிவால் வாத்துகள் நடுவே கறுத்த திட்டாக மிதக்கும். ஆலாக்கள் நீரிற் பாய்ந்து மீனோடு எழும். நற்பேறு உள்ள நாளிலே, தொலைவில் வெண்மையும் செம்மையும் கலந்த வரிசையாகப் பூநாரைகள் நிற்கும். தலையைக் கீழ்மேலாகக் கவிழ்த்து, வளைந்த அலகினால் நீரை வடிகட்டி உண்பவை அவை. அவற்றின் செம்மை உணவிலிருந்து வருவது. உவர்நீரிலுள்ள நுண்பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருளே இறகிற் பூக்கின்றது. நீர் கெட்டால் நிறமும் கெடும்.

தை மாதத்திலே வானத்திற்கு வேறு விருந்தினரும் உண்டு. பொங்கலையொட்டி வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை யார் அறியார்? எங்கள் வயல்வெளியிலும் சிறுவர் விண் பூட்டிய பட்டங்களை ஏற்றுவர். அவ்விண்ணின் இசை இராப்பொழுதெல்லாம் கேட்கும். பட்டம் நம் பண்பாட்டின் அழகு. அறுந்த நைலோன் நூலோ பனையிலும் கம்பியிலும் தொங்கிப் பறவையின் சிறகைச் சிக்க வைக்கும். அறுந்த நூலைச் சுற்றி எடுத்துச் செல்லும்படி பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்கள் மறுப்பதில்லை. என்னுடன் வரும் மாணவர் இப்பொழுது அதனைத் தம் கடமையாகவே கொண்டுள்ளனர். ஒரு காலையிலே கைப்பந்தளவு நூல் சேர்ந்தது.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே சென்றால், தென்முனைக் கண்டம்வரை நிலமே இல்லை, கடலே. மத்திய ஆசிய வான்வழியே வரும் பறவைகளுக்கு நமது தீவு கடைசித் தரிப்பு. நம்மைக் கடந்து போய் இறங்குவதற்கு வேறிடம் இல்லை. இதனைக் கருதியே சட்டமும் சில இடங்களைக் காத்திருக்கின்றது. 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. மன்னார் வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகறிந்த ஈரநிலமாயிற்று. நன்றே. ஆயினும் கிளுவை வேலிக்கும் ஊர்க்குளத்துக்கும் பூட்டிய வளவின் சருகுக்கும் வர்த்தமானி அறிவித்தல் வாராது. அவற்றைக் காக்க வேண்டியவர் அயலவரே.

சென்ற ஒக்டோபரிலே என் மாணவி ஒருத்தி நாற்பது பக்கக் கொப்பியொன்றில் நிரல்கள் கீறித் திகதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று எழுதத் தொடங்கியிருக்கின்றாள். கடைசி நிரலுக்கு அவள் இட்ட தலைப்பு “ஊரார் சொல்வது”. கிளுவை வேலிக் கீச்சானுக்கு எதிரே அந்நிரலில், “நெல்லு விதைக்க வரும், வருசம் பிறக்கப் போகும்” என்று முதியவரின் வாக்கு எழுதப்பட்டிருக்கின்றது. நான் அதற்கு மாரிகால வரவு இடாப்பு என்று பெயரிட்டேன். இடாப்பு வைத்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு மாணவன் வராவிட்டால் உடனே தெரியும். ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு ஆளனுப்புவார். பறவைக்கும் அத்தகைய இடாப்பு ஒவ்வோர் ஊரிலும் இருப்பின், வராத ஆண்டிலேயே நாம் கேட்கலாம்: குளத்துக்கு யாது நேர்ந்தது? வேலிக்கு யாது நேர்ந்தது?

வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஒரு குளக்கட்டு இருக்கும். ஒரு வேலித் தடி இருக்கும். தை பிறந்துவிட்டது. பறவைகள் புறப்படுவதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதமே உண்டு. தொலைநோக்கி இல்லையென்று கவலைப்பட வேண்டாம். எங்கள் முதியவரிடமும் அது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். வழியிற் காணும் பெரியவரிடம் அப்பறவைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவரை நாம் எளிதில் மறப்பதில்லை.